மிளகுக்குப் புற்றுநோய் இல்லை

என்னங்க,

நம் மிளகுக்குப் புற்றுநோய் இல்லை! பால்காம்புக்குப் பக்கத்தில் அறுத்தெடுத்தது சாதாரணக் கட்டிதானாம். நாய் டாக்டர் இப்போதுதான் போன் செய்தார். அவளைக் கூட்டி வர ஓடுகிறேன்.

"நான் போட்ட பிஸ்கட்டாலதான் கட்டி வந்துச்சுன்னு வீட்ல ஒரே திட்டு டாக்டர்" என்றேன். சிரித்துவிட்டார்.

"பிஸ்கட்டெல்லாம் இல்லம்மா. சின்ன ஜாதி நாய்ங்க பலதுக்கு இது பரம்பரையாவே வரும். இவ போட்ட பொட்டைக்குட்டி எங்க இருக்கு? அதையும் ஒரு தடவை பாத்துடணும்."

எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். போன வருடச் சண்டைக்குப் பிறகு நீங்கள் முகம் கொடுத்துப் பேசாத உங்கள் தங்கை வீட்டில். கையோடு அவளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பதறிப்போனாள். நாளைக்குக் காலையில் டாக்டரிடம் காட்ட, இன்று சாயங்காலமே குட்டியோடு இங்கே வருகிறாள்.

"அண்ணன் வீட்ல இருப்பாரா அண்ணி?" என்றாள்.

"இருப்பார்" என்று சொல்லிவிட்டேன்.

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. அவளுக்கும் மிச்சம் வையுங்கள். ஸ்கூட்டர் சாவி என்னிடம். கடைக்குப் போகிறேன் என்று நழுவ முடியாது.

பி.கு: மணி அடித்தால் நீங்களே கதவைத் திறங்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், முதலில் குட்டியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.