சம்பந்தி பிடித்து வைத்த லைன்

1991, ஐப்பசி, செவ்வாய் இரவு.

மகள் பாளையங்கோட்டையில் பிரசவத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். டாக்டரம்மா முகம் நேற்றே சரியில்லை. மருமகன் போனில் சேதி சொல்வதாக ஏற்பாடு. மத்தியானம் உள்ளூரிலிருந்து சம்பந்தி கூப்பிட்டு விசாரித்தார். பேசி வைத்தேன். அதோடு போன் செத்துவிட்டது.

எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினேன். "நம்பரைச் சுத்தச் சுத்த மிஷின் படிப்படியா ஏறி உங்க லைனைப் பிடிச்சுக்கிடும் அண்ணாச்சி. கூப்பிட்டவிய ரிசீவரைக் கீழ வச்சாத்தான் விடும்," என்றார் மெக்கானிக்.

சம்பந்தி வீட்டுக்கு ஓடினேன். அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வச்சா மறுபடி லைன் கிடைக்குமாய்யா? சேதி வந்ததும் நேரா கேட்டுக்கிடலாம்னு பிடிச்சு வச்சிருக்கேன்."

சேதி வரும் வழியை அடைத்துக்கொண்டு சேதிக்குக் காத்திருந்திருக்கிறார். பிடுங்கி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் மணி அடிக்கவில்லை. லைனில் உயிர் இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்கிறேன். இருக்கிறது. எடுத்த நேரத்தில் மருமகன் கூப்பிட்டிருந்தால்? வைக்கிறேன். மறுபடி எடுக்கிறேன்.