ஆந்தை தூங்கியதா?

இந்த வயதில் பள்ளித் தேர்வு எழுதத் துணிந்த என் மனைவிக்கு,

பல் பிடுங்கிக்கொள்ளச் செல்கிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. சாவி செருப்பு அலமாரியின் மேல்.

மாலையில் வழக்கம்போல் மாடிவீட்டு மருந்துக்கடைக்காரர் உனக்கு ஆங்கிலப் பத்திகளுக்கு விடையெழுதும் பயிற்சி தர வருவார். ஆயுள் முழுவதும் ஆங்கிலம் கற்பித்தவன் வீட்டிலேயே இருக்க, அவர் எதற்கு என்றேன். "நீங்க கேள்வியும் கேட்டு, நான் யோசிக்கிறதுக்குள்ள பதிலையும் சொல்லிடுறீங்க. அவர் நான் சொல்ற வரைக்கும் காத்திருக்கார்" என்றாய். உண்மைதான். ஆனாலும் அவர் "சபாஷ்" என்றதும் நீ சிரித்தாயே, அதில் எனக்கு வயிறு எரிந்தது.

அவருக்குத் தேநீர் கொடு. என் சாய்வு நாற்காலியை மட்டும் கொடுக்காதே.

பின்குறிப்பு: பயிற்சிக்கு ஒரு கதை. ஒரு மரத்தில் கிழ ஆந்தையும் கிளியும் வாழ்ந்தன. கிளி அன்றாடம் பக்கத்து மரத்து மைனாவிடம் பாட்டுக் கற்கப் போனது. அது திரும்பும்வரை ஆந்தை கண்ணை மூடியே கிடந்தது.

கேள்வி: ஆந்தை உண்மையில் தூங்கியதா? ஆங்கிலத்தில் விடையளி.

இன்னுமொன்று: விடையை நான் எழுதவில்லை. வந்ததும் உன்னெதிரே அமர்வேன், எவ்வளவு நேரமானாலும் வாய் திறவேன். வாயில் பஞ்சு இருப்பதனால் அன்று. நீ சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதனால்.