மேற்பாதியை மட்டும் வென்ற விழுப்பரையருக்கு

திரு நிலைக்க. மழை தவறாத, மதகு வற்றாத நெடுமலைநாட்டின் புதிய நாடாள்வார், வெண்குடை உரிமை பெற்றவர், வெற்றிமாலை இன்னும் வாடாதவர், சேந்தன் விழுப்பரையர் திருமுன்பு, பேரவைத் தலைவி நக்கன் கொற்றியார் ஏவ, அவை ஓலைநாயகம் மாறன்பூதன் எழுதியது. தங்கள் கோட்டையும் யானையும், முக்கியமாகத் தங்கள் மைத்துனரும் நலமே வாழ்க.

மைத்துனரை நாட்டுக் களஞ்சியத்துக்கு அதிபதியாக்கித் தாங்கள் விடுத்த முதல் ஆணை, அவை முத்திரை வேண்டி வந்து சேர்ந்தது. தாம் வென்றும் அவையில் தம் ஆள் ஒருவரும் இல்லாமற்போன விந்தை புரியாமல் தாங்கள் உறக்கமின்றி உலாவுவதாகக் கேள்வி. ஆதலால் முதலில் அது சொல்லப்படுகிறது.

நான்காண்டுக்கொருமுறை, ஒரே நாளில், போட்டியிடுவோர் பொறித்துத் தரும் ஒரே ஓலையின் மேற்பாதியில் நாடாள்வாரையும் கீழ்ப்பாதியில் அவையோரையும் குறித்துக் குடத்தில் இடுவது நம் வழக்கம். வேண்டாத பாதியை நறுக்கிவிட்டு வேறொருவர் பாதியைச் சேர்த்து இடலாம் என்பதும் வழக்கமே. ஆயினும் கத்தி தேடி யார் அலைவது என்று மக்கள் முழு ஓலையையே இட்டு வந்தார்கள்.

ஊர் ஊராய் அலைந்து தங்களுக்கு ஆள் சேர்த்தவர் கொற்றியார். தாங்களோ தங்கள் ஓலையின் கீழ்ப்பாதியில் அவர் பெயரைச் சுரண்டி மைத்துனர் பெயரைப் பொறித்தீர்கள். அதோடு நில்லாமல், கூட்டம் கூட்டக் கொற்றி போதும், அவையில் அமர ஆண்பிள்ளை வேண்டும் என்று விருந்தில் பலர் கேட்கத் திருவாய் மலர்ந்தீர்கள். மைத்துனர் ஏப்பம் விட்டு ஆமோதித்தாராம்; பரிமாறியவள் சொன்னாள்.

கொற்றியார் அழவில்லை. தம் அணியார் பெயர் பொறித்த பாதி ஓலைகளோடு வீடு வீடாகப் போய், குடத்துக்கு வரும்போது இடுப்பில் பாக்குவெட்டியைச் செருகி வாருங்கள் என்றார். விழுப்பரையரையே கவிழ்க்கவா அக்கா என்று கேட்டவளிடம், அட, மேலே அவரே இருக்கட்டும்டி, அவர் நாடாளும் அழகை நான் பார்க்க வேண்டாமா என்று சிரித்தாராம். அன்று குடங்களைச் சுற்றி எழுந்த நறுக் நறுக்கென்ற ஓசையை, ஊரார் தங்கள் வெற்றியைக் கொண்டாடித் தாம்பூலம் போடுவதாக நினைத்துத் தாங்கள் மகிழ்ந்தீர்கள் என்று ஊரே சொல்கிறது.

இனி, பாக்குவெட்டி பொறித்த அவை முத்திரையிட்டு விடுக்கும் ஆணையாவது: முத்திரையின்றித் தங்கள் சொல் கோட்டை வாயிலைத் தாண்டாது. முத்திரை வேண்டும்போதெல்லாம் தாங்களே வந்து, கொற்றியார் அழைக்கும்வரை அவை வாயிலில் நிற்க. தங்கள் முதல் ஆணை இத்துடன் திரும்பி வருகிறது; நடுவே நறுக்கியிருப்பது கண்டு வெகுள வேண்டா. தங்கள் பெயர் உள்ள மேற்பாதி தங்களுக்கே. மைத்துனர் பெயர் உள்ள கீழ்ப்பாதி அவை மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டப் போயிற்று.