அறிவியலுக்கு ரத்தம் கொடுத்தவன்

இன்று காலை லேபுக்குள் நுழைந்ததும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சின் வாடை. யாரோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாடைக்கு எனக்கு அழுகை வருவதில்லை. உன் மேல் கோபம்தான் வருகிறது.

அப்போது நாம் டெல்லி முனிர்காவில் அடுத்தடுத்த சந்துகளில் அறை எடுத்திருந்த ஆராய்ச்சி மாணவர்கள். நம் ஆய்வு இதுதான்: ரத்த வெள்ளணுவுக்கு ‘இந்தப் பக்கம் போ’ என்று வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே கடத்துவது ஜி புரதம். வேலை முடிந்ததும் அதை விளக்கைப் போல அணைப்பது இன்னொரு புரதம். “ஸ்விட்சைப் போட்டுவிட ஆயிரம் பேர் இருக்காங்க. அணைக்கிறவன் எப்படி அணைக்கிறான்? அதான் நம்ம கேள்வி” என்பாய். சோதனைக்கு ரத்தம் வேண்டுமென்றால் முதலில் சட்டைக் கையை மடக்குவதும் நீதான்.

ஒரு நாள் உன் செல்கள் நகரவே இல்லை. மறுபடி எடுத்தேன், அதே கதை. சாயம் ஏற்றிப் பார்த்தால், எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரக்கூடாத முதிராத செல்கள் கூட்டமாக நின்றன. நம் ஆராய்ச்சி கைடிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், “டோனர் பதல் தோ” என்றார். ஆளை மாற்று. அவ்வளவுதான்.

உன்னிடம் வந்தேன்.

“கிளம்புடா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“சாயம் சரியா ஏறியிருக்காது. நம்ம பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பிட்டுப் போறேன்டி.”

“செல்லைப் பார்த்தியா, இல்லையா?”

“பார்த்தேன். அச்சா, அடுத்த வாரம். போதுமா?”

நீ காய்ச்சலோடு லேபிலேயே சுருண்டு விழும்வரை அந்த அடுத்த வாரம் வரவில்லை. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். “கொஞ்சம் முன்னாடியே...” என்று ஆரம்பித்த டாக்டர், உன் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இரங்கல் கூட்டத்தில் கைடு பேசினார்: அறிவியலுக்குத் தன் ரத்தத்தையே கொடுத்தவனாம் நீ. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த ரத்தத்தில் என்ன இருந்தது என்று உங்களிடம் சொன்னேனே சார் என்று எழுந்து இந்தியில் கத்தினேன். யாரோ தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். பிறகு உன் பெயரோடு கட்டுரை வெளிவந்தது. இன்றுவரை நான் அதைப் படிக்கவில்லை.

இப்போது எனக்கென்று ஒரு லேப் இருக்கிறது. ரத்தம் கொடுத்தவருடைய செல்கள் கொஞ்சம் கோணினாலும் அன்று வேலை நிற்கும். அவரை நானே டாக்டரிடம் கூட்டிப்போவேன். “மேம், இந்த ஒரு ரீடிங் மட்டும்” என்று யாராவது இழுத்தால் வராந்தாவே அதிரக் கத்துகிறேன். பொல்லாதவள் என்று பெயர். இருக்கட்டும். போன முறை கூட்டிப்போன பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அவள் சிரித்தாள். எனக்குத்தான் உன்னை நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது.

அவளைக் காட்டிவிட்டு வர அரை நாள்தான் ஆனது. உன்னிடமும் அவ்வளவுதான்டா கேட்டேன்.