உறவினர்: இல்லை

4 மார்ச் 2024
உத்தரவு வந்துவிட்டது. இல்லத்தை மூடுகிறார்கள். பெண்கள் கடலூருக்கு, ஆண்கள் விழுப்புரத்துக்கு. கோப்போடு வைக்க இல்லத்தின் வரலாற்றை ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு வருஷம் வார்டனாக இருந்த உங்களுக்குத் தெரியாததா என்றார்.

5 மார்ச்
ஒரு வரி ஓடவில்லை.

7 மார்ச்
1974-இல் தகரக் கொட்டகையில் பதினாறு அநாதைப் பிள்ளைகளோடு தொடக்கம். பிறகு பார்வையில்லாதவர்கள், நடக்க முடியாதவர்கள். இவ்வளவுதானா வரலாறு? அலெக்ஸை எங்கே எழுதுவது? ஐந்து வயதில், கால் சூம்பிப்போய், பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தவன். அதே நாள், அதே பஸ் ஸ்டாண்டிலிருந்து கண் தெரியாத மணிமொழி — மூன்று வயது. ஒரே போலீஸ்காரர்தான் இரண்டு பேரையும் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து அவன் வழி சொல்வான், அவள் தோள் கொடுப்பாள். இப்போது அவனுக்கு முப்பத்தொன்று. அவன் விழுப்புரம். அவள் கடலூர்.

11 மார்ச்
உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவில் ஒரு வரி இருக்கிறது. பழைய பதிவேட்டைப் பிரித்தேன். இருவருக்கும் 'உறவினர்: இல்லை'. பேனாவைத் திறந்தேன். 'அண்ணன்' — நான்கே எழுத்து. மூடிவிட்டேன். வராந்தாவில் எத்தனை தடவை நடந்தேனோ.

12 மார்ச்
இருவரையும் ஒரே இடத்துக்கு அனுப்பக் கேட்டேன். ரத்த உறவுக்குச் சான்று வேண்டும் என்றார் கண்காணிப்பாளர். கெட்டவரில்லை. கையைப் பிசைந்துகொண்டேதான் சொன்னார்.
பதிவேட்டில் அவன் உனக்கு யாருமில்லை என்றுதான் இருக்கிறது என மணிமொழியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.
"யாரு எழுதனதுக்கா? எங்களக் கேட்டாங்களா?"

14 மார்ச்
அலெக்ஸ் வேலை பார்க்கும் மிக்ஸி ரிப்பேர் கடையிலிருந்து நேராக என்னிடம் வந்தான். "வெளிய வூடு எடுத்துக்கினு இருந்துக்கறோம்க்கா."
எவன்டா குடுப்பான், அடுப்ப யாரு பத்த வப்பா, வுழுந்து கெடந்தா யாரு தூக்குவா — கத்திவிட்டேன்.
"இங்கயும் நாங்கதானக்கா தூக்கிக்கறோம்" என்றான்.

22 மார்ச்
மூன்று வீடு கேட்டோம். மூன்றிலும் இல்லை.

25 மார்ச்
அம்சவல்லி என்றொரு அம்மா பின்பக்க அறையைத் தருகிறேன் என்றிருக்கிறார். நம்பலாமா?

30 மார்ச்
சுயவிருப்பத்தில் வெளியேறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவன் கையெழுத்து, அவள் கைநாட்டு. ஆட்டோ போனபின் அவர்கள் படுக்கைகளைத் தட்டிப் போட்டேன். எதற்கு?

19 மே
நான் கடலூருக்கு மாற்றலாகிப் போகுமுன் அவர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டார் அம்சவல்லி. "என்னா வளத்தீங்க போங்க. விடிஞ்சா போதும், அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சண்ட. தெருவுக்கே கேக்குது."
உள்ளே, மிளகாய்த்தூள் டப்பாவை இடம் மாற்றி வைத்துவிட்டான் என்று மணிமொழி வைதுகொண்டிருந்தாள். கூப்பிடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.