அறுபதாம் வரியும் எழுபதாம் வரியும்

கேமரன் மலை
22.8.1984, புதன்

மணியம்மாவுக்கு இருளப்பன் எழுதுவது.

நான் சுகம். நளினிக்கு வலி எடுத்துவிட்டதா, இன்னும் நாள் இருக்கிறதா என்று மாப்பிள்ளையை விட்டு இரண்டு வரி எழுதச் சொல். நீ மகள் வீட்டுக்குக் கிள்ளான் போகும்முன் போட்டுவைத்த நார்த்தங்காய் ஊறுகாய் கெடவில்லை. இங்கே மழை விடவில்லை. கோலா தெர்லா பக்கம் மண் சரிந்து காய்கறி லாரிகள் இரண்டு நாளாக நிற்கின்றன.

இனி உன் தம்பி செய்தி. பாதியில் மடக்கி வைக்காதே.

தேயிலைப் பெட்டி கட்டும் கொட்டகையில் கண்ணாடித் தடுப்புப் போட்டு கம்ப்யூட்டர் வைத்தார்கள் அல்லவா? ஈப்போவில் ஆறு மாதம் படித்த உன் தம்பி செல்வராஜு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இருபத்திரண்டு வருஷம் பெட்டி எடை எழுதிய என் நோட்டை மேனேஜர் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். நானும் புத்தகம் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று வருஷமாக அதே கம்ப்யூட்டர் பாடத்தைப் பென்சிலால் எழுதி எழுதிப் படித்தவன்தான். ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேட்டதற்கு, "மச்சான், இது ஆணி அடிக்கிற வேலை இல்ல லா" என்றான். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

வேலாயி தராசைப் பார்த்து எடையைக் கத்துவாள், அவன் தட்டுவான். மெஷின் பட்டியல் அச்சடிக்கும். முதல் நாள் முதல் பெட்டிக்குச் சைபர் விழுந்தது. மெஷின் இன்னும் சூடாகவில்லை என்று சொல்லிப் பேனாவால் திருத்திவிட்டான். மற்றப் பெட்டிகள் சரியாக இருப்பது போலவே தெரிந்தன. ஒரே ரகத் தூள் என்றால் பெட்டிக்குப் பெட்டி எடை ஏறக்குறைய ஒன்றுதானே. போன சனிக்கிழமை இலைத்தூள் முடிந்து டஸ்ட் ஆரம்பித்தது. டஸ்ட் பொடித்தூள், கனம். முதல் டஸ்ட் பெட்டிக்குப் பட்டியலில் நாற்பத்திரண்டு கிலோ. மேனேஜர் தராசில் தூக்கி வைத்தார், ஐம்பத்தாறு. உன் தம்பி உடனே, "மெஷின் பொய் சொல்லாது சார், அந்தக் கண்ணு தெரியாத கிழவி தப்பாக் கத்தியிருக்கும்" என்றான். அத்தனை பேர் முன்னால். வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவன் எழுதிய புரோகிராம் தாள் குப்பைக் கூடையில் கிடந்தது. எடுத்து வந்து படித்தேன். மெஷின் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாகச் செய்யும். ஐம்பதாம் வரி பெட்டியின் நம்பரைக் கேட்கிறது. அறுபதாம் வரி நம்பரையும் எடையையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு எழுபதாம் வரிதான் எடையையே கேட்டு, அடுத்த பெட்டிக்காக மறுபடி ஐம்பதுக்குப் போகிறது. ஏற்றும்போது மெஷின் கையில் இருப்பது முந்தின பெட்டியின் எடை. அதையே எழுதிவிடுகிறது. முதல் பெட்டிக்கு முந்தினது இல்லை, அதனால் சைபர். எழுத்தில் ஒரு பிழை கிடையாது, வரிகள் முன்பின்னாக நிற்கின்றன, அவ்வளவுதான். எடை போடாத பெட்டிக்கு நம் கொட்டகையில் யாராவது நம்பர் மை அடிப்பார்களா? ஆறு மாதப் படிப்பில் அதைச் சொல்லித் தரவில்லை போலும்.

இதை ஞாயிற்றுக்கிழமையே கண்டுபிடித்துவிட்டேன். சொல்லவில்லை. இன்னும் பெரிதாகச் சறுக்கட்டும் என்று காத்திருந்தேன். பொறாமைதானே என்பாய். ஆமாம், பொறாமைதான். இன்று மேனேஜர் வேலாயியைத் தராசிலிருந்து எடுத்து, நாளை முதல் மேட்டுக் காட்டில் கொழுந்து பறிக்கப் போகச் சொல்லிவிட்டார். அவள் முட்டியை வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏற முடியாது என்பது உனக்கே தெரியும்.

தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன என்று கேட்பாய். மாட்டேன். அவன் எல்லார் முன்னாலும் சொன்னான். நாளைக் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், எல்லாரும் நிற்கும்போது தாளை மேனேஜரிடம் கொடுத்துச் சொல்லப்போகிறேன். உன் தம்பி வேலை நின்றாலும் நிற்கும்.

நான் சொல்லி முடித்த மறுநிமிஷம் அவன் ஆபீஸ் டெலிபோனில் மாப்பிள்ளை கடைக்குப் பேசுவான். அழுவான். நீ இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இருபத்தாறு வருஷமாக எந்தச் சண்டையிலும் நீ அவன் சொல்லைக் கேட்ட பிறகுதான் என்னிடம் வருவாய். நான் வாயைத் திறக்கும்போது உன் மனம் முடிவு செய்திருக்கும். அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் லாரிக்காரக் கந்தனிடம் தருகிறேன். இன்று சாயங்காலம் தேயிலை ஏற்றிக்கொண்டு, மண் சரியாத கீழ் ரோட்டு வழியாகக் கிள்ளான் துறைமுகத்துக்குப் புறப்படுகிறான். பெரட்டுக்கு முன்பே உன் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு தடவை என்னை முதலில் கேள். பிறகு திட்டுவதென்றால் திட்டு.

நளினிக்குச் சுகப்பிரசவமாக மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். பேரப்பிள்ளைக்கு என் ஆசிகள். யார் சாயல் என்று எழுது. உன் தம்பி சாயலாக இருந்தால் அதை மட்டும் கொஞ்ச நாள் கழித்து எழுது.

இப்படிக்கு,
இருளப்பன்