மாமாவின் காரில் நான் மாட்டிய மீட்டர் போர்டு

என் அக்காவைக் கட்டி, என்னையும் சேர்த்து வளர்த்த மாமாவுக்கு,

ஒரகடத்தில் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் மாமா. நீங்கள் காரோடு சவாரிக்குக் காத்திருந்த புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய தெற்கத்திப் பையன்கள் அந்த வெயிலில்தான் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். பாவம், ஒருத்தன் போன வாரம் மயங்கி விழுந்துவிட்டான். சரி, நான் சொல்ல வந்தது அதுவல்ல.

உங்கள் பழைய டீசல் காரில் ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கும் மீட்டர் போர்டில் முள் எதுவும் அசையாமல் போனபோது, வாலாஜாபாத் காயலான் கடையிலிருந்து வேறு மீட்டர் போர்டு வாங்கி வந்து மாட்டினேனே, அதைப் பற்றித்தான். அது பெட்ரோல் வண்டியில் கழற்றியது. துளை பொருந்தியது, விளக்கு எரிந்தது, ஸ்பீடு முள் ஓடியது. எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள்ளை மட்டும் நான் சோதிக்கவில்லை. “மச்சான் கீறப்போ எனக்கு இன்னா கவலை” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

மண்ணூர் பக்கம் வண்டியை நிறுத்தி, தண்ணீர் கேனோடு ரோட்டைத் தாண்டியபோது உங்களை லாரி அடித்துவிட்டது. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் காரியம் முடிந்து அதை நான் ஓட்டி வந்தேன். ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்புகிறது, ஹீட் முள்ளோ பாதியைத் தாண்டவில்லை. பெட்ரோல் வண்டி முள் டீசல் வண்டியின் சூட்டைச் சரியாகக் காட்டாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எல்லாரும் லாரிக்காரனைத் திட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியும்டா. நீ மாட்டுன மறுநாளே அவருக்குத் தெரிஞ்சிபோச்சி. மச்சான்கிட்ட சொல்லாத, நாள் பூரா குனிஞ்சி செஞ்சிகீறான், மனசு ஒடிஞ்சிடுவான்னாரு. அதான் அங்கங்க நிறுத்தி, கையால தொட்டுப் பாத்துகினு, தண்ணி ஊத்திகினு ஓட்டிகினு இருந்தாரு.”

மடித்த துணியை வைத்துவிட்டு எழுந்துபோனாள். சோறு மட்டும் போட்டாள்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா மாமா? செவிட்டில் ஒன்று விட்டிருந்தால் அன்றைக்கே கழற்றி எறிந்திருப்பேனே. என் மனசு நோகக் கூடாதென்று நீங்கள் ரோட்டைத் தாண்டினீர்களே, இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இனி பட்டறையில் யார் வண்டிக்கு மீட்டர் போர்டு மாட்டினாலும், எஞ்சின் சூடேறும் வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். சாவி கொடுக்கும்போது, தப்பு இருந்தால் திரும்பி வந்து என்னைத் திட்டுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பேன்.

உங்கள் தேவகியின் தம்பி,
உங்கள் மச்சான் ஏழுமலை